பாவில் மட்டும் கை வைக்காதே

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் உட்சுவரில் ஓவியம் தீட்டித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். 24 அடி நீளம், 8 அடி உயரம். அவ்வளவு பெரிய சுவர் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை. "நம் சீமையின் பெருமை அத்தனையும் வந்துவிட வேண்டும்" என்றார்கள். அத்தனையையும் கொண்டுவந்தேன். நெல்லையப்பர் கோபுரம், ஆனித் தேர், சுலோசன முதலியார் பாலம், பாபநாசத்து அருவி, பனைமரம், பதநீர்க் கலயம், அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான், அல்வா கிண்டும் வாணலி, கூந்தன்குளத்துப் பறவைகள். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பாணியில் தீட்டினேன். கோபுரத்துக்கு நுணுக்கமான கோடு, அருவிக்கு நீர்வண்ணம் கரைந்தது போன்ற பூச்சு, தேருக்குக் கனத்த தடவல், பறவைகளுக்குக் கோலமாவில் இழுத்தது போன்ற வெள்ளை இழை. நான்கு ஓரத்துக்கும் நான்கு விதமான கரை. ஐந்து வாரம் என் பகல் முழுவதும் சாரத்தின் மேலேயே கழிந்தது.

முடித்த அன்று மண்டபக்காரரின் தாயார் வந்தார். எண்பதை நெருங்கும் வயது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்லாம் இருக்கிறது தாயி. எதைப் பார்க்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது. எங்கே பார்ப்பது என்று என்னிடம் வழி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒரு வருடம் கழித்து வேறொரு கல்யாணத்துக்காக அந்த மண்டபத்துக்குப் போனபோது சுவர் இளநீல நிறத்தில் இருந்தது. அந்த ஓவியத்துக்கு முன்னால் மணமக்களை நிறுத்திப் படம் எடுத்தால் பின்னால் இருப்பது முகங்களைத் தின்றுவிடுகிறது என்று போட்டோக்காரர்கள் ஒருவர் விடாமல் சொன்னார்களாம். வருத்தமாக இருந்தது. ஆனால் அவர்கள் சொன்னது சரி.

அதற்கு நான்கு வருடம் முன்பு இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றைச் செய்திருந்தேன். தாமிரபரணி பொதிகையிலிருந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த வழி நெடுகப் போய், 22 ஊர்களில் உட்கார்ந்து, 22 நீர்வண்ண ஓவியங்கள் தீட்டி ஒரு சிறிய கூடத்தில் மாட்டினேன். பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, குறுக்குத்துறை, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று எத்தனை ஊர்! வந்தவர்கள் மூன்றாவது படம் வரை நின்று பார்த்தார்கள். நான்காவதில் நடை வேகமெடுத்தது. எனக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த ஆசிரியர் மட்டும் கடைசிப் படம் வரை பார்த்துவிட்டு, "ஒரே படத்தை 22 தடவை போட்டிருக்கிறாய் அம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பிய பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு தாளிலும் கரைக்கோடு ஒரே உயரத்தில் ஓடுகிறது. ஒரே பச்சை கலந்த நீலம். மரங்கள் இடப்பக்கம், திறந்த வெளி வலப்பக்கம். எல்லாமே மாலை நான்கு மணி வெயில். ஊர் மாறியிருந்தது, ஓவியம் மாறவேயில்லை.

ஆக, ஒரு பக்கம் எதுவுமே மாறாத 22 தாள்கள். மறுபக்கம் எல்லாமே மாறிப்போன ஒரு சுவர். ஓவியம் கற்பிக்கும் புத்தகங்களில் வடிவமைப்புக் கோட்பாடுகள் என்று ஒரு வரிசை வரும். ஒருமை, சமநிலை, தாளம், முரண், அழுத்தம், விகிதம், பல்வகைமை. புத்தகத்துக்குப் புத்தகம் வரிசை கூடும் குறையும். ஆனால் பல்வகைமை என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரே விளக்கத்தைத்தான் எழுதுவார்கள்: பார்ப்பவருக்குச் சலிப்பு வராதபடி வடிவத்தையும் நிறத்தையும் அளவையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்து. பதின்மூன்று வருடம் நானும் பிள்ளைகளுக்கு அதையேதான் எழுதிப்போட்டேன். அந்த வாக்கியம் தவறு இல்லை. பாதி வாக்கியம். மீதிப் பாதியைப் பத்தமடையில் பாய் நெய்யும் ஓர் அக்காவின் திண்ணையில்தான் கற்றேன்.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் பத்தமடை. என் அக்காள் மகள் கல்யாணத்துக்கு ஒரு பாய் சொல்லப் போயிருந்தேன். மணமக்கள் பெயரை நெய்து தரும் வழக்கம் அங்கே உண்டு. பெயர் மட்டும் போதாது, பாயே இதுவரை யாரும் பார்க்காததாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கட்டம் போட்ட தாளில் பதினொரு வரைவுகள் கொண்டுபோனேன். கொடி, மயில், நடுவில் பெரிய தாமரை. ஒன்றில் இன்னும் துணிந்து, பாயின் நடுவே நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களைக் கொஞ்சம் விலக்கிவிட்டுச் சல்லடை போல ஓர் இடைவெளி விடலாம் என்று எழுதியிருந்தேன்.

அக்கா பதினொன்றையும் பொறுமையாகப் பார்த்தார். "கோரை வளையாது தங்கச்சி" என்று பத்தை ஒதுக்கினார். பதினொன்றாவதைப் பார்த்ததும் முகம் மாறியது. "ஊடையில் உனக்கு என்ன வேண்டுமோ சொல், போட்டுத் தருகிறேன். பாவில் மட்டும் கை வைக்காதே."

அன்று பகல் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தறி தரையோடு தரையாக இருக்கிறது. பாவு என்பது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். அந்த நூல்களை அச்சு ஒரே இடைவெளியில் பிடித்து வைத்திருக்கிறது. ஊடை என்பது குறுக்கே போகும் கோரை. ஆற்றங்கரையில் பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்தெடுத்த கோரை. பட்டுப்பாய் என்று சொல்லப்படும் உயர்ந்த ரகத்துக்கு இந்தக் கோரையைத் தையல் நூல் போல ஆகும்வரை கிழிக்கிறார்கள். அப்படி நெய்த பாயைத் துணிபோல மடித்துவிடலாம். நீண்ட குச்சியின் நுனியில் கோரையைக் கோத்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் செலுத்துகிறார், அச்சை இழுத்து அடிக்கிறார். மறுபடி கோரை, மறுபடி அடி. ஒரு விரற்கடை பாய் வளர்வதற்குள் எனக்குக் கால் மரத்துப்போனது. அவருக்கு அது பழகிய உட்கார்வு.

நெய்வதற்கு அவரிடம் இருப்பது மிகக் கொஞ்சம். வளைகோடு கிடையாது. குறுக்குக் கோடுதான். சாயம் மூன்று நான்கு: சிவப்பு, பச்சை, கறுப்பு, எப்போதாவது ஊதா. மீதியெல்லாம் சாயம் ஏற்றாத வெறும் கோரை. இவ்வளவு குறுகிய இடத்துக்குள் அவர் செய்த மாற்றங்களைக் குறித்துக்கொண்டே வந்தேன். முதலில் சிவப்பு நான்கு விரல் அகலம். வெறும் கோரை ஒரு விரல். பச்சை ஒரு விரல். வெறும் கோரை ஒரு விரல். மறுபடி சிவப்பு வரும்போது அது மூன்று விரல்தான். அடுத்த பச்சைக்கு நடுவே ஒற்றைக் கறுப்பு இழை. பிறகு ஒரு முழத்துக்கு மேல் வெறும் கோரை மட்டும். அந்த ஒரு முழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வெறும் கோரை என்று நான் நினைத்தது ஒரே நிறம் இல்லை. ஓர் இழை வைக்கோல் நிறம், அடுத்தது பச்சை மாறாத வெளிர்மஞ்சள், அதற்கடுத்தது லேசான தேன்நிறம். வெயில் ஒவ்வொரு கோரையையும் ஒவ்வொரு மாதிரிக் காயவைத்திருக்கிறது. பாயின் நடுப்பகுதி அமைதியாகவும் அதே நேரத்தில் உயிரோடும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றும் பார்த்தேன். கோரையின் அடிப்பக்கம் தடிமன், நுனிப்பக்கம் மெலிவு. ஓர் இழையில் அடி இந்தக் கரையில் இருந்தால் அடுத்த இழையில் நுனி இந்தக் கரையில் வரும்படி மாற்றிப் போடுகிறார். மாற்றாமல் போட்டால் ஒரு கரை தடித்துப் பாய் கோணிக்கொண்டு போகுமாம். யார் கண்ணுக்கும் தெரியாத இந்த மாற்றம்தான் பாயை நேராக வைத்திருக்கிறது. மாற்றம் என்றால் கண்ணைப் பறிப்பது என்று மட்டுமே எண்ணியிருந்த எனக்கு இது பெரிய செய்தி.

"ஏன் இரண்டாவது சிவப்பை மூன்று விரலாகக் குறைத்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஒரே மாதிரி போட்டால் பாய் தூங்கிவிடும். பாயில் நாம்தான் தூங்க வேண்டும்."

பாவு ஏன் மாறக் கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணம் தொழில் சார்ந்தது. நூல் விலகினால் அந்த இடத்தில் கோரைக்குப் பிடிப்பு இருக்காது. சுருட்டும்போது நழுவும், பாய் நாளடைவில் அங்கேதான் கிழியும். நான் அதை என் சுவரோடு சேர்த்துப் பார்த்தேன். அந்த 24 அடிச் சுவரில் பாவு என்று எதுவுமே இல்லை. பாணி, கோடு, நிறம், அளவு, கரை என்று அத்தனையும் ஊடையாக ஓடியது. பிடிக்க நூல் இல்லாத கோரைக் குவியல் அது. அந்தப் பாட்டிக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போனதில் வியப்பில்லை. ஒன்று மாறியிருக்கிறது என்று கண் அறிய வேண்டுமானால் மாறாத ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். 22 ஆற்றுப் படங்களில் பாவு மட்டும் இருந்தது, ஊடையே ஓடவில்லை.

அதன் பிறகு எங்கு பார்த்தாலும் முதலில் பாவைத் தேடத் தொடங்கினேன். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் அவியல் இல்லாத இலை இருக்காது. வாழைக்காய், சேனை, முருங்கைக்காய், கத்தரி, புடலை, மாங்காய் என்று ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத காய்கள். ஒன்று குழையும், ஒன்று நறுக்கென்று நிற்கும், ஒன்று புளிக்கும், ஒன்று நாக்கில் அரிக்கும். சமையல் செய்யும் தவசுப்பிள்ளை அவற்றையெல்லாம் எப்படி ஒன்றாக்குகிறார் என்று ஒரு சமையற்கட்டில் நின்று பார்த்தேன். உதவிக்கு வந்தவர் சேனையைச் சதுரமாக நறுக்கத் தொடங்கியதும் அவர் சத்தம் போட்டுவிட்டார். எந்தக் காயானாலும் விரல் நீளம், விரல் கனம். அதுதான் பாவு. தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் அரைத்த அரைப்பு இன்னொரு பாவு. இந்த இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்ட பிறகு காய் எத்தனை வகை வந்தாலும் அது அவியல். நாம் கடைகளில் "வெரைட்டி ரைஸ்" என்று எழுதிவைப்பதும் இதே அறிவுதான். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று மேலே மாறிக்கொண்டே போகலாம், கீழே சோறு ஒன்று.

இந்தத் தெளிவு இன்று நம் கண்முன் வேகமாகக் குறைந்து வருகிறது என்பது என் ஆதங்கம். எங்கள் ஊர்த் தெருமுனையில் நிற்கும் பூப்புனித நீராட்டு விழா, காதணி விழா பிளக்ஸ் பலகைகளைப் பாருங்கள். ஒரே பலகையில் ஐந்து எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல், ஒரு பளபளப்பு, பின்னால் சுவிட்சர்லாந்து மலை, முன்னால் ரோஜா. கணினியில் எல்லாம் கைக்கு எட்டுகிறது, எட்டுகிறதெல்லாம் பலகைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பெண்குழந்தையின் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கல்யாண மண்டபச் சுவரில் நான் செய்ததும் அதேதான் என்பதால் பலகை அடிக்கும் தம்பிகளை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு யாரும் இந்த மீதிப் பாதியைச் சொல்லித் தரவில்லை.

கழுகுமலைக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது. 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்த பிறகு அந்தப் பக்கம் போய்விட்டது, என்றாலும் எங்களுக்கு அது திருநெல்வேலிச் சீமைதான். பாண்டியர் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த வெட்டுவான் கோவிலைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். அதே மலையின் இன்னொரு பக்கத்தில் பாறை முகம் நெடுகச் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். முன்பெல்லாம் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது" என்று இறங்கிவிடுவேன். பத்தமடைக்குப் பிறகு ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஏறி, பதினோரு மணி வரை அந்தப் பாறைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. மாடம், மாடத்துக்குள் ஒரு திருமேனி, மடியில் சேர்ந்த கைகள், தலைக்கு மேல் முக்குடை. அடுத்த மாடம், அதே கைகள், அதே முக்குடை. கண் அந்த ஒழுங்கை ஏற்றுக்கொண்டு அடங்கிய பிறகு, மெதுவாக ஒவ்வொன்றும் பிரியத் தொடங்கியது. ஒருவருடைய தோள் சற்று அகலம். ஒருவருடைய முழங்கால் மாடத்தின் விளிம்பை இடிக்கிறது. ஒரு குடை ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது, அந்த இடத்தில் பாறை அப்படித் திரும்புகிறது. கீழே வட்டெழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரே அரசன் ஒரே நாளில் செய்வித்த வரிசை இல்லை இது. வெவ்வேறு ஊர்க்காரர்கள் வெவ்வேறு சமயத்தில் தங்கள் பொருட்டும் தங்கள் ஆசிரியர் பொருட்டும் செய்துவைத்தவை. குரத்தியர் என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. எத்தனையோ பேரின் விருப்பம், எத்தனையோ உளிகள். ஆனாலும் யாரும் "என்னுடையது மட்டும் தனியாகத் தெரிய வேண்டும்" என்று அமர்ந்த நிலையை மாற்றவில்லை, குடையை விடவில்லை. தனக்கென்று வேண்டியதைப் பெயரில் எழுதிக்கொண்டு, உருவத்தில் வரிசையோடு சேர்ந்துகொண்டார்கள்.

வரிசையிலேயே பார்வை நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று பாறை பெரிதாகத் திறக்கிறது. சமணத் துறவி பாகுபலி நிற்கிறார். கால்களில் கொடி சுற்றியிருக்கிறது, இருபுறமும் சகோதரிகள். இன்னோர் இடத்தில் பாம்பின் படம் கவிந்த பார்சுவநாதர். இன்னோர் இடத்தில் சிங்கத்தோடும் குழந்தைகளோடும் சமண இயக்கி அம்பிகை. அமர்ந்தவர்களுக்கு நடுவே நிற்பவர், சிறியவற்றுக்கு நடுவே பெரியது, தனிமைக்கு நடுவே ஒரு குடும்பம். அத்தனை பேர் அமைதியாக அமர்ந்திருக்காவிட்டால் அந்த நிற்றலுக்கு அந்தக் கனம் வந்திருக்காது. எத்தனை ஒன்றுபோல இருந்த பிறகு ஒரு மாற்றம் வரலாம் என்ற கேள்விக்குச் சூத்திரம் எதுவும் என்னிடம் இல்லை. கண் "சரி, இது இப்படித்தான்" என்று நம்பத் தொடங்கும் வரையாவது பொறுக்க வேண்டும் என்பதை அந்தப் பாறையின் எதிரே உட்கார்ந்துதான் உணர்ந்தேன்.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் சாய்வாக விழுந்தது. முக்குடைகளின் நிழல் முகங்களின் மேல் இறங்கி நகர்ந்தது. உளி தொடாத ஒரு மாற்றத்தை வெயில் நாள்தோறும் அங்கே செய்துவிட்டுப் போகிறது. அச்சில் வார்த்தது போல வரிசை துல்லியமாக இருந்திருந்தால் அந்த நிழலும் எல்லா முகத்திலும் ஒன்றாகவே விழுந்திருக்கும். கைவேலையில் தானாக வரும் சின்னச் சின்ன வேறுபாட்டை நான் பல வருடம் பிழை என்று எண்ணித் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்திருக்கிறேன். இப்போது பெரும்பாலும் விட்டுவிடுகிறேன்.

இசைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதே இல்லை. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்களின் கொத்து இருக்கிறது, தட்டினால் தூணுக்குத் தூண் ஒலி மாறும். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் பிறந்து வளர்ந்த சீமை இது. நாதஸ்வரக்காரர்கள் ஒரு கீர்த்தனையின் பல்லவியில் சங்கதி போடுவதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே விளங்கும். முதலில் வரியை வெறுமையாக வாசிப்பார்கள். அடுத்த முறை ஒரு வளைவு கூடும். அதற்கடுத்த முறை அந்த வளைவிலிருந்து இன்னொன்று கிளைக்கும். எடுப்பும் தாளமும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஐந்தாவது சங்கதியை முதலிலேயே வாசித்துவிட்டால் அதில் இருக்கும் அழகு யாருக்கும் தெரியாது.

இப்போது என் வார இறுதி வகுப்பில் பல்வகைமைக்கு விளக்கம் எழுதிப்போடுவதை விட்டுவிட்டேன். பதினாறு கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, பதினாறு கட்டத்திலும் ஒரே குடத்தை வரையச் சொல்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றலாம். எதை என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும், முடிவு செய்துவிட்டால் நடுவில் மாறக் கூடாது. முதல் நான்கு கட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் திணறுவார்கள். நிறத்தை மட்டும் மாற்றியவர்கள் எட்டாவது கட்டத்தில் சலித்துப்போவார்கள். ஒரு பையன் குடத்தைத் தொடவேயில்லை, அதன் நிழலை மட்டும் மாற்றினான். முதல் கட்டத்தில் நீளமாக ஒரு பக்கம், நடுவில் காலடியில் சுருங்கி, கடைசியில் மறுபக்கம் நீண்டு. அந்த ஒரு தாளில் ஒரு பகல் முழுவதும் ஓடியது. அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, தாளை வாங்கி மற்றவர்கள் பார்க்கும்படி சுவரில் ஒட்டினேன்.

இன்னொரு சிறுமி குடம் இருக்கும் இடத்தை மட்டும் மாற்றுவதாகச் சொன்னாள். திண்ணையில், கிணற்றடியில், இடுப்பில், படிக்கட்டில். பதினொன்றாவது கட்டத்தில் குடம் இல்லை. தரையில் ஓர் ஈர வட்டம் மட்டும் இருந்தது. "குடம் எங்கே?" என்று கேட்டேன். "இப்போதுதான் எடுத்துக்கொண்டு போனார்கள் மிஸ்" என்றாள். பத்துக் கட்டம் குடத்தை வரைந்திருந்ததால் அந்த வட்டமும் குடமாகவே தெரிந்தது. அந்தத் தாளை அவளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

2022-ல் நான் மறுபடி ஆற்றுக்குப் போனேன். இந்த முறை 22 ஊர் இல்லை, ஒரே இடம். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்துப் படித்துறையில் ஒரு படியைத் தேர்ந்துகொண்டேன். மாதம் இரண்டு முறை அதே படி. அதே அளவுத் தாள். தாளில் கல்மண்டபம் விழும் இடத்தைப் பென்சிலால் அளந்து, ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில், அதே அளவில் வரைந்தேன். மண்டபம்தான் பாவு. மற்றதெல்லாம் ஆற்றின் விருப்பம். கோடையில் தண்ணீர் ஒதுங்கிப் பாறை தெரியும், துணி துவைப்பவர்களின் நிறங்கள் வெயிலில் காயும். தென்மேற்குப் பருவக்காற்றில் நாணல் ஒரே பக்கமாகச் சாயும். ஐப்பசியில் ஆறு நிறம் மாறி மண்டபத்தின் படியேறும். தைப்பூசத்துக்கு மறுபடி தெளியும். மாதங்கள் போகப் போக எனக்கு அந்த மண்டபத்தின் ஒவ்வொரு தூணும் மனப்பாடமானது, அதனாலேயே தண்ணீர் ஒரு சாண் ஏறினாலும் இறங்கினாலும் கண்ணில் பட்டது.

2023 டிசம்பர் 17, 18. தென் மாவட்டங்களில் இருந்தவர்கள் யாரும் அந்த நாள்களை மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. என் படித்துறைக்குப் போக வழியே இல்லை, அது தண்ணீருக்கு அடியில் எங்கோ இருந்தது. கொஞ்சம் வடிந்த பிறகு தூரத்தில் மேட்டில் நின்றுதான் பார்த்தேன். மண்டபம் இருந்த இடத்தில் ஆறு சுழித்துக்கொண்டு போனது. செம்மண் நிறத்தில், சாய்ந்த வாழைகளோடும் யாருடைய வீட்டுப் பொருளோ தெரியாத பொருள்களோடும். அன்று எதையும் வரையத் தோன்றவில்லை. தண்ணீர் போன வீடுகளில் சேறு அள்ளும் வேலை பல நாள்களுக்கு இருந்தது.

அந்தத் தாளை ஜனவரியில்தான் தீட்டினேன். வழக்கம்போலப் பென்சிலால் மண்டபத்தின் இடத்தை அளந்து குறித்துவிட்டு, அதன் மேலேயே பழுப்பு நிறத்தை ஓடவிட்டேன். தாள் முழுவதும் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. தனியாக எடுத்துக் காட்டினால் அது ஓவியம் என்றே யாரும் சொல்லமாட்டார்கள்.

வீட்டுக் கூடத்தில் எல்லாத் தாள்களையும் வரிசையாக மாட்டியபோது என் அம்மா பார்க்க வந்தார். ஓவியம் பற்றி அம்மா எதுவும் சொல்லமாட்டார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கோடைத் தாள், நாணல் தாள், ஐப்பசித் தாள். அந்தப் பழுப்புத் தாளின் முன் வந்ததும் நின்றார். கையை நீட்டி, தாளைத் தொடாமல், மண்டபம் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு நேரே விரலை வைத்தார். சரியாக அதே இடம். சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். அதில் மண்டபம் திரும்ப வந்திருந்தது. தூண்களின் உச்சி வரை சேற்றுக்கோடு ஏறியிருந்தது.